இடவழியில் நின்ற மஞ்சள் கார்

"மரிச்ச நேரம்?" என்று கேட்டார் கோயில்குட்டியார். சபையில் மணியடிப்பதும், குழி வெட்ட ஆள் பிடிப்பதும், அடக்க நோட்டில் விவரம் எழுதுவதும் அவர் வேலை. முட்டியின்மேல் நோட்டை விரித்துவைத்து, பேனாவின் மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்.

ஷைஜா ஐஸ்பெட்டியின் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தில் மறுபடியும் ஆவி படிந்தது. உள்ளே அப்பா யேசுதாசன் வெள்ளைச் சட்டையில் படுத்திருந்தார். யாரோ அவர் முகத்துக்குப் பவுடர் அப்பியிருந்தார்கள். நாற்பது வருஷம் டாக்சி ஓட்டிக் கறுத்த முகத்தில் அது சுண்ணாம்புபோல் திட்டுத்திட்டாக நின்றது.

"ஒரு மணி," என்றான் டெனிஷ். அவளுடைய அண்ணன். துபாயிலிருந்து வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. "நேத்து உச்சைக்கு ஒரு மணி. வண்டியில ஏத்தினதும் போச்சு. ஒண்ணும் செய்ய நேரம் கிட்டல்ல."

ஷைஜாவின் கை நின்றது. ஒன்று நாற்பது. நாகர்கோவிலில் பதினோரு வருஷமாக நர்ஸ் வேலை பார்க்கிறவள் அவள். ஒரு கையால் நாடியைப் பிடித்தால் மறு கையின் கடிகாரத்தைக் கண் தானாகப் பார்த்துவிடும். ஒன்று நாற்பது வரைக்கும் அந்த நாடி அவளுடைய விரலுக்கடியில் இருந்தது.

சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, சுவரோரம் நாற்காலியில் இருந்த அம்மா ஜெபகனி தலையை மெல்ல ஆட்டினாள்.

"ஏறினதும் போச்சு. அந்த மனுசனக் கஷ்டப்படுத்தாம கூப்பிட்டுக்கிட்டாரு. அதுமட்டும் எக்குப் போதும்."

கோயில்குட்டியார் 1.00 என்று எழுதி அடியில் கோடு போட்டார். ஷைஜா வாயை மூடிக்கொண்டாள். மூடியதும் வாய் முழுக்கப் புளித்தது. அண்ணன் பொய் சொன்னது ஒரு பக்கம், அதற்குத் தானும் துணிபோட்டு மூடியது இன்னொரு பக்கம். இரண்டில் எது அதிகம் நாறுகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வெளியே வந்தால் அங்கே வேறொரு கூத்து. வீட்டுமுற்றத்துக்குப் போட்ட பந்தல் போதாதென்று, வீட்டுக்கு ஏறும் ஒடுங்கிய இடவழி ரோட்டைத் தொடுகிற இடத்தில் இன்னொரு பந்தல் போட்டிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் வெயிலில் நாற்காலி போட்டு இருந்தார்கள். அந்தப் பந்தலின் கீழே நிழலில் நின்றது கார். மஞ்சள் நிறம், இரண்டே இருக்கை, ஆள் இடுப்புக்குக்கூட எட்டாத உயரம். மேலே மாமரம் நின்றதால் காக்கை எச்சம் விழுந்துவிடக்கூடாதாம். பந்தல்காரனிடம் அதைச் சொன்னது டெனிஷின் கூட்டாளி சுஜின். சொல்லச் சொன்னது யார் என்று கேட்கவே வேண்டாம்.

காரைச் சுற்றி ஆம்பிளைகள். கையில் கட்டன்சாயா, முகத்தில் துக்கம் பாதி, ஆசை பாதி.

"எஞ்சின் பின்னாலயா? அப்பம் டிக்கி எஞ்ச இருக்கு?"

"முன்னால. ஒரு சஞ்சி வைக்கலாம், அவ்வளவுதான்."

"என்ன சொன்னாலும் அம்பாசிடர் மாதிரி வருமா ஓய்? யேசுதாசன் அண்ணனுக்க வண்டியில நாங்க ஒம்பது பேரு குலசேகரம் கல்யாணத்துக்குப் போயிருக்கோம். தகடு இரும்பு. மரத்துல இடிச்சா மரந்தான் சாயும்."

"அது மாட்டு வண்டி ஓய். இது மூணே செக்கண்டுல நூறு. டெனிஷ் காட்டினானே வீடியோவுல."

"நூறுல போகதுக்கு இஞ்ச ரோடு எஞ்ச இருக்கு? மார்த்தாண்டம் பாலத்துக்கு மேல போவானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தது தெரிந்ததும் இருமினார்கள். ஒருவர் சாயா கிளாஸைக் காரின்மேல் வைக்கப் போக, சுஜின் பாய்ந்துவந்து தடுத்தான்.

அப்போது திருவனந்தபுரத்திலிருந்து வந்த சொந்தக்காரப் பையன் ஒருவன் டெனிஷின் தோளில் கை வைத்து, எஞ்சின் சத்தம் ஒருதரம் கேட்கலாமா என்று கேட்டான். டெனிஷ் முதலில் வேண்டாம் என்றுதான் சொன்னான், அதைச் சொல்லியாகவேண்டும். இரண்டாம்முறை கேட்டபோது அவன் கை பாக்கெட்டுக்குப் போயிற்று. ஒரே ஒருதரம் உறுமவிட்டான். ரப்பர்த் தோட்டத்துக் காக்கைகள் மொத்தமாக எழும்பின. வீட்டுக்குள் பாமாலை பாடிக்கொண்டிருந்த பெண்கள் நடு அடியில் நிறுத்தினார்கள். ஐஸ்பெட்டியின் கண்ணாடி அதிர்ந்ததாகப் பிற்பாடு பக்கத்துவீட்டு ஜினி சொன்னாள்.

ஷைஜா கிணற்றடிக்குப் போய்க் குனிந்து நின்றாள். வயிற்றில் ஒன்றும் இல்லாததால் வெறும் மஞ்சள் நீர்தான் வந்தது.

நேற்று நடந்தது இவ்வளவுதான். சொல்ல அரை நாழிகை வேண்டாம், நடக்கத்தான் நாற்பது நிமிஷம் பிடித்தது.

புது வண்டி வாங்கினால் போதகரைக் கூப்பிட்டு ஜெபம் செய்யாமல் ஓட்டுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் இல்லை. சைக்கிள் வாங்கினாலும் சரி, ஜேசிபி வாங்கினாலும் சரி. டெனிஷ் கொச்சியில் கைமாறி வாங்கிய மஞ்சள் காருக்கும் ஜெபம் வேண்டும். அதுவும் வீட்டுமுற்றத்தில் வைத்துத்தான் வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. முற்றமோ மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து இடவழி வளைந்து ஏறுகிறது, இரண்டு பக்கமும் கல் அடுக்கிய கய்யாலைச் சுவர். அடிவாரத்தில் ஓடைக்குமேல் கான்கிரீட் மூடி போட்டு, அது ஆமை முதுகுபோல் எழும்பி நிற்கும். அப்பாவின் அம்பாசிடர் அந்தத் திண்டில் நாற்பது வருஷமாக ஏறி இறங்கியது. மஞ்சள் காரின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரந்தான். திங்கட்கிழமை பலாப்பலகை போட்டு, பத்துப் பேர் முன்னும் பின்னும் நின்று "வரட்டும் வரட்டும்" என்று சொல்லி, ஒரு மணிநேரம் பாடுபட்டு அதை மேலே ஏற்றினார்கள். சுஜின் அதை வீடியோ எடுத்தான். போதகர் காரின் மூடியில் கை வைத்து ஜெபித்தார். ஷைஜாவும் உள்ளே உட்கார்ந்து போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போட்டாள். இப்போது நினைத்தால் அந்தப் போட்டோவில் தன் பல் தெரிவதே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

அப்பாவுக்குத்தான் சந்தோஷம் தாங்கவில்லை. வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்தார். வழியில் போகிறவனையெல்லாம் கூப்பிட்டு, "எனக்க மோன் வாங்கினது, பாத்தியா?" என்றார். தன் பழைய வண்டியை அன்றைக்கு ஷெட்டுக்குள் பின்னுக்குத் தள்ளி நிறுத்தினார். அது ஒன்றும் புண்ணிய வண்டியில்லை. டீசல் நாற்றமும், மலைப்பாதையில் ஏறியவர்கள் எடுத்த வாந்தியும் அதன் சீட்டில் ஊறிக் கிடந்தன. பின்கதவுக்குப் பூட்டுக்குப் பதில் கம்பி. ஆனால் ஒரு ஆளைக் காலை நீட்டிப் படுக்க வைக்கலாம். பேறுகாலப் பெண்களும் பிரேதங்களும் அதில் போயிருக்கிறார்கள்.

நேற்று, செவ்வாய்க்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் கையை நெஞ்சில் வைத்தார். வேர்வையைப் பார்த்ததுமே ஷைஜாவுக்கு விஷயம் புரிந்தது. மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துவிட்டு, "அம்பாசிடர எடு அண்ணே, நான் அப்பாவப் பின்னால படுக்க வச்சுக்கிடுதேன்," என்றாள்.

"அதுல போனா அரை மணிக்கூர் ஆவும். இதுல பத்து நிமிஷம்," என்றான் டெனிஷ். சாவி அதற்குள் அவன் கையில் இருந்தது.

மூணு செக்கண்டில் நூறு போகிற வண்டி நிற்கும்போது அம்பாசிடரில் போவது முட்டாள்தனம் என்றுதான் அந்த நிமிஷம் அவளுக்கும் பட்டது. அவள் மறுத்துப் பேசவில்லை. எழுபத்துநாலு வயசுக்காரரை, கனத்த உடம்பை, முட்டி மடங்காதவரை, இரண்டு பேர் தூக்கி அந்தப் பள்ளமான இருக்கைக்குள் இறக்கினார்கள். கதவை மூடியது ஷைஜா. அம்மாவுக்கு முட்டுவலி, படி இறங்கமாட்டாள். "நீ இருந்து ஜெபம் பண்ணு" என்று அவளிடம் சொல்லிவிட்டு ஷைஜா காருக்குப் பின்னால் ஓடினாள்.

வளைவு திரும்பியதும் ஒரு சத்தம். திண்டின்மேல் காரின் வயிறு உட்கார்ந்துவிட்டது. யாரும் பலகை போட நினைக்கவில்லை. பின்சக்கரம் இரண்டும் சுற்றின, ரப்பர் கருகிய நாற்றம் வந்தது, கார் அசையவில்லை. அப்பா இருந்த பக்கம் கய்யாலைக்கும் கதவுக்கும் இடையில் ஒரு சாண். அந்த நீளக் கதவு அதற்குள் திறக்காது. டெனிஷ் தன் பக்கத்து ஜன்னல் வழியாக வெளியே வந்தான். அப்பாவால் அது முடியாது. பின்னால் அம்பாசிடர் வந்தாலும் தாண்டிப் போக வழியில்லை. யாரோ கூப்பிட்ட 108 ஆம்புலன்ஸ் வந்து ரோட்டில் நின்று அலறியது, ஆளை வெளியே எடுக்காமல் அவர்களாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பக்கத்து விளையில் ரப்பர் வெட்டுகிற தங்கப்பன் கம்பிப்பாரையோடு ஓடிவந்தார். "முன்கண்ணாடிய உடைச்சு ஆள வெளிய எடுப்போம். இல்லெங்கி பாரைய வச்சு நெம்பித் தள்ளுவோம்," என்றார்.

"வேண்டாம் மாமா! அடியில பாரை வச்சா எல்லாம் பொடிஞ்சிரும்! பலகை, பலகை கொண்டு வாங்க. ஒரு நிமிஷம். இப்பம் வந்துரும், ஒரு நிமிஷம்!" டெனிஷ் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றான். நிஜமாகவே அழுதுகொண்டிருந்தான். ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று நாற்பது நிமிஷத்தையும் அவன் அப்படியே சில்லறை சில்லறையாகச் செலவழித்தான்.

ஷைஜா கய்யாலைமேல் கவிழ்ந்து படுத்து, கையை ஜன்னலுக்குள் விட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணாடிய உடைங்க!" என்று இரண்டுதரம் கத்தினாள். மூன்றாம்தரமும் கத்தியிருக்க வேண்டும், கத்தவில்லை. தங்கப்பனுக்கும் உடைப்பதே சரி என்று தோன்றியிருக்கவேண்டும், பாரையைத் திரும்ப எடுத்தார்.

அப்பா கண்ணைத் திறந்தார். பாரை கல்லில் உரசிய சத்தம் அவருக்குக் கேட்டுவிட்டது. நாற்பது வருஷம் வண்டியோட்டியவரின் காது.

"மக்கா, பாரை வேண்டாம்," என்றார். மூச்சு வாங்கியது. "பைய… பையத் தள்ளுங்கலே. அடி தட்டும். பிள்ளைக்க வண்டியாக்கும்."

அதற்கப்புறம் அவர் பேசவில்லை. ஒன்று நாற்பதுக்கு அவள் விரலுக்கடியில் ஒன்றும் இல்லாமல் ஆயிற்று. "அண்ணே, போச்சு" என்றாள். அப்போதும் டெனிஷ் பலகையைச் சரிசெய்துகொண்டிருந்தான். பிறகு ஆள் கூடி, பன்னிரண்டு பேர் அந்தக் காரைப் பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கி ரோட்டில் இறக்கினார்கள்.

இன்று மூன்று மணிக்குச் சவப்பெட்டியை எடுத்தார்கள். முன்னால் வலதுபக்கம் டெனிஷ் தோள் கொடுத்தான். இடவழி வாசலில் பந்தலும் காரும் பாதி வழியை அடைத்துக்கொண்டு நின்றன. பெட்டியைச் சரித்துத் திருப்ப வேண்டியிருந்தது. "பாத்து, பாத்து!" என்றான் டெனிஷ். அவன் கண் போன இடத்தைப் பார்த்தால், அது அப்பாவுக்குச் சொன்னதா காரின் பக்கக் கண்ணாடிக்குச் சொன்னதா என்று தெரியவில்லை. பின்னால் நடந்த ஷைஜா கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பார்த்தவர்கள் அவள் அழுவதாக நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

கோயிலில் பாட்டு, வேதபாடம், பிரசங்கம் எல்லாம் முறைப்படி நடந்தன. கடைசியில் குடும்பத்தின் சார்பில் நன்றி சொல்ல டெனிஷ் எழுந்தான். போதகருக்கு, சபைக்கு, டாக்சி ஸ்டாண்டுக்கு நன்றி சொன்னான். பிறகு குரல் கம்மியது.

"எங்க அப்பா ஒரு வேதனையும் படல. காரில் ஏற்றியதும் என் கையைப் பிடித்தார். 'இயேசப்பா' என்று ஒரே வார்த்தை. அவ்வளவுதான். சிரித்த முகமாகப் போனார்."

"ஸ்தோத்திரம்," என்றது சபை. நாற்காலியோடு தூக்கிவந்து முன்வரிசையில் இருத்தியிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அன்றைக்கு முதன்முதலாக ஒரு நிம்மதி வந்தது. அப்பாவின் வாயில் இல்லாத வார்த்தையைத் திணித்து, அதை இத்தனை பேர் முன்னால் நீட்டுகிறான். அவரிடம் இருந்த கடைசி வார்த்தையையும் பிடுங்கிக்கொண்டான் இந்தப் பாவி என்று ஷைஜாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அப்படியே எழுந்து, "பொய்" என்று கத்தவேண்டும்போல் இருந்தது. அம்மாவின் முகம்தான் அவளை உட்கார வைத்தது.

கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டு முடித்தபின், மதிலோரம் தங்கப்பன் தனியாக நின்றார். சட்டையெல்லாம் புழுதி.

"கஞ்சிக்கு வரணும் மாமா," என்றாள்.

"வரல்ல மோளே. எக்கு இறங்காது." கொஞ்சநேரம் தன் உள்ளங்கையைப் பார்த்தார். "பாரை எனக்க கையில இருந்து. ஒரு அடி. அவன் கும்பிட்டான், சரி, போட்டும். ஒனக்க அப்பன் வேண்டாம்னு பறஞ்சப்பம் நான் கீழ வச்சேன் பாரு. சாவப்போற மனுசன் பறயதக் கேட்டு எவனாவது பாரையக் கீழ வைப்பானா?"

"நானும் ரெண்டுதரந்தான் கத்தினேன் மாமா."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ரப்பர் விளைக்குள் இறங்கிப் போனார்.

வீட்டில் கஞ்சியும் சிறுபயறும் விளம்பினார்கள். சாப்பிட்ட கையோடு சிலர் மறுபடியும் காரைப் பார்க்கப் போனார்கள். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கூட்டம் வடிந்தது. ஷைஜா ஒரு கிண்ணத்தில் கஞ்சி எடுத்துக்கொண்டு அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா கட்டிலில் இருந்தாள். நேற்று ஜெபம் பண்ண உட்கார்ந்த அதே இடம்.

"ஏட்டி, கதவச் சாத்து."

சாத்தினாள்.

"நேத்து நான் இஞ்ச இருந்து ஜெபம் பண்ணினேன். எம்பத்தாறாம் சங்கீதம் தொடங்கித் தொண்ணூத்தொண்ணு வர வாசிச்சேன். வாசிச்சு முடிக்கது வரைக்கும் கீழ ஆளுக்க சத்தம் கேட்டுது. வண்டி போனா ஆளுக்கு என்ன சத்தம்?" அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அவன் கோயில்ல செல்லினது உள்ளதா?"

ஷைஜா கஞ்சிக்கிண்ணத்தை ஜன்னல்படியில் வைத்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அம்மா மிச்சமிருக்கிற காலத்தை அந்த 'இயேசப்பா'வைப் பிடித்துக்கொண்டு ஓட்டிவிடுவாள். லீவு முடிந்தால் டெனிஷ் போய்விடுவான், காரும் இடவழியைவிட்டுப் போய்விடும். கோயில்குட்டியாரின் நோட்டில் ஒரு மணி என்றே கிடக்கும். அந்த நோட்டையும், சபையின் ஸ்தோத்திரத்தையும், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்த தன்னையும் நினைத்தபோது, சொல்லாமல் விட்டால் இனி அம்மாவின் கண்ணைப் பார்த்துச் சோறு தின்ன முடியாது என்று பட்டது.

"இல்லம்மா," என்றாள். "ஓடைத் திண்டுல வண்டி மாட்டிட்டு. கதவு திறக்கல்ல. ஒண்ணு நாப்பது வரைக்கும் அப்பாக்கு உயிரு இருந்து. எனக்க கையிலதான் போச்சு."

அம்மா அழவில்லை. புடவைத் தலைப்பின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள்.

"ஒண்ணும் பறயல்லியா?"

"பறஞ்சாரு. தங்கப்பன் மாமா பாரை கொண்டு வந்தாரு, உடைச்சு எடுக்கதுக்கு. அப்பா வேண்டாம்னு பறஞ்சாரு. பையத் தள்ளுங்க, அடி தட்டும், பிள்ளைக்க வண்டின்னு."

வெளியே முற்றத்தில் பந்தல்காரர்கள் நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். 

"பின்ன, தட்டிச்சா?" என்று கேட்டாள் அம்மா.

"என்னது?"

"வண்டிக்க அடி."

"இல்லம்மா," என்றாள் ஷைஜா. "ஒரு கோடு விழல்ல."

அம்மா தலையை ஆட்டினாள். பிறகு கையை நீட்டி ஜன்னல்படியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போய் ஏடு படிந்த கஞ்சியை ஒரு வாய்கூடக் குடிக்காமல் ஜன்னல் வழியாக வெளியே ஊற்றினாள்.